எடையே இன்ஜின்: முதல் தடவை கிளைடரில் ஏறுபவருக்கு

"உங்கள் எடை எவ்வளவு?"

கிளைடரில் முதல் தடவை ஏற வருகிறவரிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். லண்டனுக்கு வடக்கே சுமார் 50 கி.மீ. தள்ளி இருக்கும் டன்ஸ்டபிள் புல்வெளியில் என்னிடமும் இதைத்தான் கேட்டார்கள். கூச்சத்தில் மூன்று கிலோவைக் குறைத்துச் சொல்லிவிட்டேன். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு பைலட் விமானத்தின் பக்கம் நடந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பின்னாலேயே ஓடிப் போய்த் திருத்தினேன். "எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள்" என்றார் அவர், நிமிர்ந்து பார்க்காமலேயே.

அந்த ஒரு கேள்விக்குள்ளேயே கிளைடரின் சூட்சுமம் பாதி அடங்கியிருக்கிறது. அதைப் புரிந்துகொண்டு ஏறினால், மேலே போனபின் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரியும். காரணம் தெரிந்தால் பயத்தில் முக்கால்வாசி போய்விடும். மீதிக் கால்வாசி இருந்தால்தான் சுவாரசியம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மலையுச்சியிலிருந்து துணிக்குடையில் தொங்கிக்கொண்டு பறக்கிறார்களே, அது பாராகிளைடர். முக்கோணத் துணி இறக்கைக்குக் கீழே குப்புறப் படுத்துக்கொண்டு போவது ஹேங் கிளைடர். நான் சொல்வது இரண்டும் இல்லை. இது முழு விமானம். இறக்கை, வால், கண்ணாடிக் கூண்டு, சீட் பெல்ட், மீட்டர்கள் எல்லாம் உண்டு. இன்ஜின் மட்டும் கிடையாது. உலகம் முழுக்க முதல் பயணத்துக்குப் பரவலாகப் பயன்படும் ஏஎஸ்கே 21 என்ற ஜெர்மன் கிளைடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1979-இல் முதன்முதலாகப் பறந்த மாடல். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரலாம். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 17 மீட்டர், நம்மூர் டவுன் பஸ்ஸைவிட நீளம். ஆனால் ஆள் ஏறாதபோது மொத்த எடை சுமார் 360 கிலோதான். ஒரு மாருதி காரில் பாதிகூட இல்லை.

விழுவதற்கும் ஒரு விகிதம் உண்டு

ஏற்காட்டிலிருந்து சைக்கிளில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். பெடலை மிதிக்கவே வேண்டாம். வண்டி தானாக ஓடும். அந்த வேகத்தைக் கொடுப்பது உங்கள் எடையும் ரோட்டின் சரிவும். கிளைடரும் அப்படித்தான் ஓடுகிறது. காற்றில் ரோடு கிடையாது என்பதால், மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தித் தனக்கு வேண்டிய சரிவைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. சரிவு வேகம் தருகிறது. வேகத்தில் இறக்கையைச் சுற்றி ஓடும் காற்று அதைத் தாங்கிப் பிடிக்கிறது. அதனால் பொத்தென்று விழாமல், மெல்ல மெல்ல, நீண்ட தூரம் விழுகிறது.

எவ்வளவு மெல்ல? ஏஎஸ்கே 21-இன் கணக்கு 34-க்கு 1. ஒரு மீட்டர் உயரத்தை இழப்பதற்குள் 34 மீட்டர் முன்னே போய்விடும். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போகும்போது நொடிக்கு முக்கால் மீட்டருக்கும் குறைவாகத்தான் இறங்கும். கிட்டத்தட்ட மாடிப்படியில் ஓடி இறங்கும் ஆளின் வேகம்தான். 300 மீட்டர் உயரத்தில் விட்டுவிட்டால், அசையாத காற்றில் பத்து கி.மீ. தள்ளிப் போய்த் தரை தொடும்.

"நடுவானில் இன்ஜின் நின்றால் விமானம் கல் மாதிரி விழும்" என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது எவ்வளவு தவறு என்பது இங்கேதான் எனக்குப் புரிந்தது. 2001 ஆகஸ்ட் 24 அன்று, ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ330 ஒன்று எரிபொருள் கசிந்து தீர்ந்துபோய், அட்லாண்டிக் கடலுக்கு மேல் இரண்டு இன்ஜினும் நின்ற நிலையில் சுமார் 19 நிமிடம் மிதந்து, அசோர்ஸ் தீவுகளில் இறங்கியது. உள்ளே இருந்த 306 பேரும் பிழைத்தார்கள். அத்தனை பெரிய விமானமும் அந்த 19 நிமிடம் ஒரு கிளைடர்தான். கிளைடராகவே செய்த ஒன்று இன்னும் எவ்வளவு நன்றாக மிதக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எடைதான் இன்ஜின் என்பதற்கு இன்னொரு சாட்சி: பந்தயத்துக்குப் போகிற பைலட்டுகள் இறக்கைக்குள் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்புவார்கள். வேண்டுமென்றே எடை ஏற்றுகிறார்கள்! எடை கூடினால் அதே சரிவில் இன்னும் வேகமாகப் போகலாம். இறங்கும் முன் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள்.

அப்படியானால் என்னிடம் ஏன் எடை கேட்டார்கள்? அங்கே பிரச்சினை கூடுதல் குறைவு மட்டுமல்ல, அந்த எடை எங்கே உட்காருகிறது என்பதும்தான். புதியவருக்கு முன் சீட், பைலட்டுக்குப் பின் சீட். முன்னால் ஒல்லியான ஆள் உட்கார்ந்தால் மூக்கு லேசாகி வால் கனத்துவிடும். அப்படி ஒரு விமானத்தைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். அதற்காக முன்பக்கம் ஈயக் கட்டிகளை வைத்துச் சமன் செய்வார்கள். மறுபக்கம், ஒரு சீட்டுக்குப் பாராஷூட்டோடு சேர்த்து 110 கிலோ என்று உச்சவரம்பும் இருக்கிறது. பழைய நீராவிப் படகில் ஆளை இடம் மாற்றி உட்காரச் சொல்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஏறுவதற்கு முன்

முன் சீட்டில் உட்காரப் போகிறோம் என்று எனக்கு முன்பே தெரியாது. விமானம் என்றால் பைலட் முன்னால், நாம் பின்னால் என்று பழகிப்போன மனசு. இங்கே உங்களுக்கு முன்னால் கண்ணாடியும் வானமும்தான். பைலட் குரலாக மட்டும் முதுகுக்குப் பின்னால் இருப்பார்.

பாராஷூட்டை முதுகில் மாட்டுவார்கள். பள்ளிக்கூடப் பை மாதிரிதான், கொஞ்சம் கனம் அதிகம். அவசரமென்றால் கண்ணாடி மூடியைத் தள்ளிவிடுவது, பெல்ட்டைக் கழற்றுவது, குதித்தபின் எந்தக் கைப்பிடியை இழுப்பது என்று சொல்லித் தருவார்கள். இதைக் கேட்டு வயிறு கலங்க வேண்டாம். பஸ்ஸில் அவசர வழி என்று எழுதியிருப்பதைப் போலத்தான்.

சட்டைப் பையில் இருக்கும் சாவி, சில்லறை, பேனா எல்லாவற்றையும் வெளியே வைத்துவிடுங்கள். ஒரு பேனா உருண்டு போய்க் கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்கு நடுவே சிக்கினால் பெரிய வம்பு. தொப்பி போடுங்கள், கண்ணாடிக் கூண்டுக்குள் வெயில் நேராக உச்சந்தலையில் இறங்கும். ஆனால் மேலே பித்தான் வைத்த கிரிக்கெட் தொப்பி வேண்டாம், மூடியின் உட்பக்கத்தைக் கீறிவிடும்.

சாப்பாட்டு விஷயத்தில் என் அபிப்பிராயம் இது: வெறும் வயிற்றோடு போவது தப்பு, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போவது அதைவிடப் பெரிய தப்பு. இரண்டு இட்லி அளவுக்கு ஏதாவது. கூடவே ஒரு துண்டு இஞ்சி மொரப்பா.

கிளம்பும் முன் பைலட் வாய்விட்டு ஒரு பட்டியலைச் சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் சரிபார்ப்பார். விமானத்தைத் திருப்பும் ஸ்டிக் என்ற கைப்பிடி தாராளமாக அசைகிறதா, பெல்ட் இறுக்கமா, மூடி பூட்டியிருக்கிறதா, உயரத்தைக் கரைக்கும் ஏர்பிரேக் மூடியிருக்கிறதா. பட்டியலின் கடைசியில் "மேலே இழுக்கும் கேபிள் அறுந்தால் என்ன செய்வேன்" என்பதையும் உரக்கச் சொல்வார். முதல் தடவை கேட்கும்போது திக்கென்றுதான் இருக்கும். அபசகுனமாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும், ஆளே இல்லாவிட்டாலும், அவர் அதைச் சொல்லியாக வேண்டும்.

மேலே எப்படிப் போவது

இன்ஜின் இல்லாதது தரையிலிருந்து எழும்ப யாராவது இழுத்துவிட வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, சின்ன இன்ஜின் விமானம் ஒன்று கயிறு கட்டி இழுத்துப்போவது. அலுங்காமல் ஏறலாம், 600 மீட்டரோ 900 மீட்டரோ வேண்டிய உயரத்தில் விட்டுவிடச் சொல்லலாம், செலவு கூட ஆகும். இன்னொன்று வின்ச். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், யோசிக்காமல் வின்ச் என்று சொல்லுங்கள்.

மைதானத்தின் மறுகோடியில், கிட்டத்தட்ட ஒரு கி.மீ. தள்ளி, பெரிய இன்ஜினோடு இணைத்த ஓர் உருளை நிற்கும். அதிலிருந்து வரும் கேபிளின் முனையைக் கிளைடரின் வயிற்றில் மாட்டுவார்கள். கிணற்றில் வாளி இழுக்கும் ராட்டினம் ஞாபகம் வருகிறதா, அதே தத்துவம். ஒருவர் இறக்கை நுனியைப் பிடித்து மட்டமாக நிறுத்துவார். தொய்வாகக் கிடந்த கேபிள் புல்லில் பாம்பு மாதிரி நெளிந்து நிமிரும். அது விறைத்த கணத்தில் ஆரம்பிக்கிறது வேடிக்கை.

மூன்று நான்கு நொடியில் மணிக்கு 100 கி.மீ. முதுகை யாரோ சீட்டோடு சேர்த்து அழுத்துவது போல இருக்கும். சக்கரத்தின் தடதடப்பு திடீரென்று நின்றுபோகும், மூக்கு மேலே எழும்பும், எழும்பிக்கொண்டே இருக்கும். நாற்பத்தைந்து டிகிரிக்கு நெருக்கமாகச் சாய்ந்து ஏறும்போது உங்களுக்கோ மல்லாந்து படுத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பது போலத் தோன்றும். தரை கண்ணில் படாது. திருவிழா ராட்டினத்தில் இந்த இடத்தில் எல்லோரும் கத்துவார்கள். இங்கே அரை நிமிடத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக, கத்தவும் தோன்றாமல் போய்விடும்.

உச்சியில் பைலட் மூக்கைத் தாழ்த்துவார். வயிறு ஒரு கணம் லேசாகும். மஞ்சள் குமிழை இரண்டு தடவை இழுப்பார், "டங்" என்று கேபிள் கழன்று கீழே போகும். நீங்கள் 300, 400 மீட்டர் உயரத்தில், இழுக்க யாருமில்லாமல் இருக்கிறீர்கள்.

கேபிள் பாதியில் அறுந்தால்? அறுகிறதுதான், அபூர்வமாக. கேபிளில் கிளைடருக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே பலம் குறைத்த ஓர் இணைப்பையும் வைத்திருக்கிறார்கள். இழுப்பு அளவு மீறினால் இறக்கைக்குச் சேதம் வருவதற்குள் அது அறுந்துவிடும், வீட்டு மீட்டர் பெட்டியில் ஃபியூஸ் போவது மாதிரி. பைலட் உடனே மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்டுக்கொண்டு, உயரம் குறைவென்றால் நேராக எதிரே இறங்குவார், அதிகமென்றால் ஒரு சுற்று வந்து இறங்குவார். இதையே பாடமாக வைத்து மறுபடி மறுபடி பழகியிருப்பார்கள்.

பருந்து செய்வதை நாமும்

மேலே மௌனமாக இருக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். பொய். காற்றின் சத்தம் நன்றாகவே கேட்கும், ஓடும் ரயிலின் ஜன்னலை முக்கால்வாசி மூடி வைத்தது போல ஓர் இரைச்சல். இல்லாதது அதிர்வுதான். பின்னால் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேசலாம். கொஞ்சம் பழகினால் அந்த இரைச்சலே வேகமானி ஆகிவிடும். கூடினால் மூக்கு தாழ்ந்திருக்கிறது, குறைந்தால் மூக்கு தூக்கியிருக்கிறது.

கண்ணாடி மூடியின் வெளியே, நடுவில், ஒரு சிவப்புக் கம்பளி நூல் ஒட்டியிருக்கும். யாரோ மறந்துவிட்டுப்போனது என்று நினைத்தேன். அது மீட்டர். விமானம் பக்கவாட்டில் சறுக்காமல் நேராகக் காற்றை வெட்டிக்கொண்டு போகிறதா என்று காட்டும். லட்சக்கணக்கில் விலையுள்ள விமானத்திலும் அந்த வேலைக்கு இதைவிட நல்ல கருவி இல்லை என்கிறார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 300 மீட்டரில் விட்டார்கள், நொடிக்கு முக்கால் மீட்டர் இறங்குகிறோம். ஏழு நிமிடத்துக்குள் தரை வந்துவிடும். காற்று சும்மா இருக்கும் நாளில் வின்ச் பயணம் அவ்வளவுதான். அப்படியானால் மணிக்கணக்கில் பறப்பது எப்படி?

சித்திரை வெயிலில், பதினோரு மணிக்கு மேல், வயற்காட்டு வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு விடை தெரியும். பருந்து இறக்கையை ஒரு தடவைகூட அடிக்காமல் வட்டம் போட்டுக்கொண்டே புள்ளியாகிற வரை உயரும். உழுது காயப் போட்ட கரிசல் நிலமும், ஓட்டுக் கூரைகளும், கல்குவாரியும் வெயிலில் சீக்கிரம் சுடும். தண்ணீர் நிற்கும் நெல்வயல் அப்படிச் சுடாது. சுட்ட தரைக்கு மேலே இருக்கும் காற்று சூடாகி, சுற்றியுள்ள காற்றைவிட லேசாகி, கொப்புளம் மாதிரி பிய்த்துக்கொண்டு கிளம்புகிறது. அந்த மேலெழும் காற்றுத் தூணைத்தான் கிளைடர்காரர்கள் தெர்மல் என்கிறார்கள்.

கிளைடர் எப்போதும் காற்றுக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அது ஒருபோதும் மாறாது. ஆனால் அந்தக் காற்றே நொடிக்கு இரண்டு மீட்டர் மேலே போனால்? வட்டமிடும்போது நீங்கள் அதற்குள் ஒரு மீட்டர் இறங்கினாலும் தரையிலிருந்து பார்க்கிறவருக்கு நீங்கள் ஒரு மீட்டர் ஏறியிருப்பீர்கள். மேலே போகும் எஸ்கலேட்டரில் நின்றுகொண்டு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும் குழந்தை கடைசியில் மேல்மாடிக்குப் போய்ச் சேர்வதைப் போல. ஐந்து நிமிடம் அப்படிச் சுற்றினால் 300 மீட்டர் லாபம்.

தூண் கண்ணுக்குத் தெரியாது. தேடத்தான் வேண்டும். காற்று ஏற ஏறக் குளிரும், 100 மீட்டருக்குச் சுமார் ஒரு டிகிரி வீதம். ஒரு உயரத்தில் அதிலுள்ள ஈரம் துளித்து, அடிப்பக்கம் தட்டையான பஞ்சு மேகமாகும். ஆக, அப்படி ஒரு மேகம் திரண்டுகொண்டிருந்தால் அதன் அடியில் தெர்மல் இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொரு அடையாளம் பறவைகள். டன்ஸ்டபிள் இருக்கும் சில்டர்ன் குன்றுகளில் நம்மூர்க் கரும்பருந்துக்கு நெருங்கிய உறவான பிளவுபட்ட வால் பருந்து ஏராளம். இங்கிலாந்தில் அற்றுப்போயிருந்த அதை 1989 தொடங்கி ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அந்தப் பருந்து சுற்றுகிற இடத்துக்குக் கிளைடரும் போகும். எதிர்மாறாக, கிளைடர் சுற்றுகிற இடத்துக்குப் பருந்து வந்து சேர்வதும் உண்டு. நான் போன நாளில் ஒன்று எங்கள் இறக்கை நுனிக்கு அப்பால், அதே வட்டத்தில், தலையைத் திருப்பி எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தது.

பைலட் தெர்மலைப் பிடித்ததும் வேரியோமீட்டர் என்ற கருவி குரல் கொடுக்கும். ஏறும்போது "பீப் பீப்" என்று துள்ளும், வேகமாக ஏறினால் துள்ளலும் வேகமாகும். இறங்கும்போது முனகும். சீட்டுக்கு அடியிலிருந்து யாரோ உந்துவது போல ஓர் இடி, உடனே இறக்கை சாயும், சுழல ஆரம்பிக்கும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இருபது நொடி. 45 டிகிரி சாய்ந்து சுற்றினால் உங்கள் எடை 1.4 மடங்காகத் தோன்றும், 70 கிலோ ஆள் 98 கிலோ ஆகிவிடுவார். தலை சுற்றுவது இந்த இடத்தில்தான். மொபைலில் படம் பிடித்துக்கொண்டே இருந்தால் நிச்சயம் சுற்றும். அடிவானத்தைப் பாருங்கள், சுற்றும் பக்கமாகத் தலையைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், பைலட் உடனே நேராக்கிவிடுவார். வெட்கப்பட்டு அடக்கிக்கொண்டால் அந்தக் குறுகிய கூண்டுக்குள் இரண்டு பேருக்கும் கஷ்டம்.

தெர்மல் இல்லாத நாளிலும் டன்ஸ்டபிளில் ஒரு வழி உண்டு. லண்டன் கிளைடிங் கிளப் 1930-இல் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணமே அதுதான். மைதானத்தை ஒட்டி, கடல்மட்டத்திலிருந்து 243 மீட்டர் உயரமுள்ள குன்று வரிசை மேற்கு நோக்கி நிற்கிறது. மேற்கிலிருந்து காற்று அடித்தால் போக வழியில்லாமல் சரிவில் ஏறும். அந்த ஏறும் காற்றில் குன்றின் ஓரமாகவே போவதும் வருவதுமாக, காற்று நிற்கும் வரை மிதக்கலாம். குன்றின் சரிவில் 1933-இல் சுண்ணாம்புப் பாறை தெரியும்படி வெட்டிய வெள்ளைச் சிங்கம் ஒன்று இருக்கிறது, விப்ஸ்னேட் மிருகக்காட்சி சாலையின் அடையாளம். நீளம் சுமார் 147 மீட்டர். தரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சிங்கம். மேலேயிருந்து முதலில் பார்த்தபோது எனக்கு யாரோ காயப்போட்ட வேட்டி மாதிரி இருந்தது.

இதே ஏறும் காற்றின் மிகப் பெரிய அண்ணன் ஆண்டிஸ் மலைத்தொடருக்குப் பின்னால் உருவாகும் அலைக்காற்று. பெர்லான் 2 என்ற கிளைடர் 2018 செப்டம்பர் 2 அன்று அர்ஜென்டினாவில் அதைப் பிடித்து 76,000 அடிக்கு மேல் போனது. பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்தைப் போல இரண்டு மடங்கு.

நடுவில் ஒரு கட்டத்தில் "இனி உங்கள் கையில்" என்று பின்னாலிருந்து குரல் வரும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஸ்டிக்கை விட்டுவிடுவார். எல்லோரும் செய்கிற தப்பு, கடப்பாரையைப் பிடிப்பது போல அதை இறுகப் பிடிப்பது. இரண்டு விரல் போதும். எதுவும் செய்யாமல் விட்டாலே அது ஒழுங்காகப் பறக்கிறது என்பதைப் பார்க்கும்போது கொஞ்சம் அவமானமாகக்கூட இருக்கும்.

இறங்குவது ஒரே தடவை

இன்ஜின் உள்ள விமானம் சரியாக வராவிட்டால் மறுபடி எழும்பி இன்னொரு சுற்று வரலாம். கிளைடருக்கு அந்தச் சலுகை இல்லை. அதனால் பைலட் எப்போதும் தேவைக்குக் கொஞ்சம் அதிக உயரத்தோடுதான் ஓடுபாதைக்கு வருவார். மிஞ்சிய உயரத்தைக் கரைக்க ஏர்பிரேக் இருக்கிறது. நெம்புகோலை இழுத்தால் இறக்கையின் மேற்பரப்பிலிருந்து பலகை மாதிரி தகடுகள் செங்குத்தாக எழும்பும், விமானம் சட்டென்று சரிவாக இறங்கும். அதைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே வருவதுதான் சாமர்த்தியம். உயரம் அதிகம் என்று தோன்றினால் இன்னும் திறக்கலாம், குறைவு என்று தோன்றினால் மூடலாம். இரண்டு பக்கமும் கைவசம் இருக்கும். முதல் தடவை போகிறவருக்கு அந்தச் சரிவு பயங்கரமாகத் தெரியும். மூக்குக்கு நேராகப் புல்வெளி வளர்ந்துகொண்டே வரும். கடைசி நொடிகளில் மூக்கு நிமிரும், புல் பக்கவாட்டில் ஓடும், சக்கரம் தடதடக்கும். ஓடி ஓய்ந்ததும் ஒரு பக்க இறக்கை களைத்த மாடு மாதிரி மெல்லப் புல்லில் சாயும்.

எப்போது போவது என்று கேட்டால், இங்கிலாந்தில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அதுவும் மதியம் நல்ல நேரம். காலையில் தரை சூடேறியிருக்காது. இந்தியாவில் இருப்பவர்களுக்கு, புனே ஹடப்சரில் ஒரு கிளைடிங் மையம் இருக்கிறது, அங்கேயும் வின்ச்தான். பயணிகளை ஏற்றுகிறார்களா, எந்த நாட்களில் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு ரயில் ஏறுங்கள். எங்கே போனாலும் அன்றைக்குக் காற்று சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் சண்டை போடாதீர்கள்.

இறங்கியதும் டாட்டா சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். கிளைடர் நின்ற இடம் ஒன்று, அடுத்த ஆள் காத்திருக்கும் இடம் வேறு. அதைத் திரும்பத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று காட்டுவார்கள். இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிற வேலை பெரும்பாலும் புதியவருக்குத்தான் கிடைக்கும். எனக்கும் கிடைத்தது. வரிசையில் அடுத்து நின்ற பெண்ணிடம் பைலட் எடை எவ்வளவு என்று கேட்டார். அவர் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்தார்.